உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு
வாசகர் கேள்வி – பதில்

அழகுக்கலை, ஸ்பா தொழில் பற்றி என்னிடம் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தார்கள். வந்த கடிதங்களில் எண்ணெயும் ஃபேஷியலும் கொஞ்சம்தான். லைசென்ஸ், போலீஸ், ஜி.எஸ்.டி., சிசிடிவி என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். 2006-ல் கோவை சாய்பாபா காலனியில் ரெண்டு பெட் போட்டு நான் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். இன்று என்னிடம் 11 பெண்களும் 3 ஆண்களும் வேலை செய்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. இந்தக் காகிதங்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

நானும் மனைவியும் சிறிய ஸ்பா ஒன்று தொடங்க நினைக்கிறோம். மனைவி தெரபிஸ்ட் கோர்ஸ் முடித்தவர். "கார்ப்பரேஷன் லைசென்ஸ் போதும்" என்கிறார் ஒருவர். "போலீஸ் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இல்லாமல் கதவைத் திறக்காதே" என்கிறார் இன்னொருவர். எது சரி?
– ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி, நம் மாநிலத்தில் ஸ்பாவுக்கென்று தனிச் சட்டம் ஒன்று கிடையாது. அதனால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாநகராட்சியின் தொழில் உரிமம் ஒரு பக்கம். தொழிலாளர் துறையில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு பக்கம். வரி ஒரு பக்கம், தீயணைப்பு ஒரு பக்கம். காவல் துறை கையில் வைத்திருப்பது 1956-ம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம். அது குற்றத்தைத் தடுக்க வந்த சட்டம். ஒழுங்காகத் தொழில் நடத்துபவருக்கு வழிகாட்ட அதில் ஒன்றும் இல்லை.

மாநகராட்சியில் விண்ணப்பம் கொடுக்கும்போதே "போலீஸ் என்.ஓ.சி. வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டும் என்றால் எழுத்தில் வாங்குங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். பதிலே வராமல் போனாலும், நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி.

இதற்கெல்லாம் முன்னால் கட்டடத்தைப் பாருங்கள். 2013-ல் இரண்டாவது கிளைக்கு ஒரு மாடி பிடித்தேன். அட்வான்ஸ் கொடுத்து, டைல்ஸ் ஒட்டி, ஷவர் லைன் இழுத்து முடித்த பிறகுதான் சொத்துவரி ரசீதை வாங்கிப் பார்த்தேன். "குடியிருப்பு" என்று இருந்தது. உரிமம் கிடைக்கவில்லை. நாலு மாத வாடகையும் டைல்ஸ் காசும் போயிற்று. வரி ரசீதையும் பிளான் அப்ரூவலையும் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மனைவியின் சான்றிதழ், வேலைக்கு வரும் ஒவ்வொருவரின் பயிற்சிச் சான்றிதழ், வயதுச் சான்று எல்லாவற்றின் நகலும் ஒரே ஃபைலில், ரிசப்ஷனில் இருக்கட்டும். வீட்டு பீரோவில் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் உதவாது. 18 வயது நிரம்பாத பிள்ளையைத் துண்டு மடிக்கக்கூட உள்ளே விடாதீர்கள். பத்து பேர் ஆனதும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வந்துவிடும். சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அவர்கள் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். பி.எஃப். இருபது பேரிலிருந்து. இ.எஸ்.ஐ.யைச் சுமையாக நினைக்காதீர்கள். நாள் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்துகிற பெண்ணுக்கு மணிக்கட்டு போய்விடும். என்னிடம் இருக்கும் இரண்டு பேருக்கு அந்த அட்டையில்தான் சிகிச்சை நடந்தது.

ஸ்பாக்களில் சிசிடிவி கட்டாயம் என்று எங்கள் ஏரியா காவலர் சொல்கிறார். மசாஜ் அறைக்குள்ளும் வைக்க வேண்டுமா? வைத்தால் கஸ்டமர் வருவார்களா?
– ஸ்பா உரிமையாளர், திருச்சி

அறைக்குள் வைக்காதீர்கள். கஸ்டமர் வருவார்களா என்பது அப்புறம். உடை மாற்றும் இடத்தில், துண்டோடு ஒரு மனுஷர் படுத்திருக்கும் இடத்தில் கேமரா வைப்பது தவறு. பெண்ணை அந்த நிலையில் படம் பிடித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் முதல் தடவையே ஓராண்டுக்குக் குறையாத சிறை.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், சென்னை உயர் நீதிமன்றத்திலேயே கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டு ஸ்பாக்கள், மசாஜ் சென்டர்களில் சிசிடிவி பொருத்தச் செய்ய வேண்டும் என்று நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் உத்தரவிட்டார். அதையடுத்து 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல் சார்ந்த உரிமையில் தலையிடுவது என்றார். சட்டம் இயற்றாமல் அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பைத்தான் அவர் அடிப்படையாகக் காட்டினார். முதல் உத்தரவின் செய்தியை மட்டும் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு, இரண்டாவதை மட்டும் படித்தவர்களும் உண்டு.

நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். வாசல், ரிசப்ஷன், அறைகளுக்கு முன்னால் உள்ள வராந்தா, இந்த மூன்று இடத்தில் கேமரா. யார் எந்த அறைக்குள் எத்தனை மணிக்குப் போனார், எப்போது வெளியே வந்தார் என்பது அதில் தெரியும். எந்த விசாரணைக்கும் அது போதும். உங்கள் ஊர் உரிமத்தில் கேமரா பற்றி நிபந்தனை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் கேமரா வைக்கவில்லை. அதற்குப் பதிலாக என் அறைக் கதவுகள் எதிலும் உள்தாழ்ப்பாள் கிடையாது. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. டெல்லி அரசு 2021-ல் வெளியிட்ட ஸ்பா விதிகளிலும் உள்ளே தாழ்ப்பாள் கூடாது என்று இருக்கிறது. நான் அதற்கு வெகுநாள் முன்பே கழற்றிவிட்டேன். பெட்டின் தலைமாட்டில், தெரபிஸ்டின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். மணி ரிசப்ஷனில் அடிக்கும். மாதத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாற்றுவேன், தீர்ந்திருந்தாலும் தீராவிட்டாலும். பதினெட்டாயிரம் ரூபாய் கேமரா எனக்குச் செய்யாத வேலையை அந்த நூற்று இருபது ரூபாய் பெல் இரண்டு தடவை செய்திருக்கிறது.

மேடம், நான் ஒரு ஸ்பாவில் தெரபிஸ்ட். கஸ்டமர்கள் சிலர் "எக்ஸ்ட்ரா சர்வீஸ்" கேட்கிறார்கள். ஓனரிடம் சொன்னால் "ரெகுலர் பார்ட்டி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் பேசு" என்கிறார். வேலையை விடலாம் என்றால், சேரும்போது 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். அது கழியும் வரை போகக் கூடாதாம். ஒரிஜினல் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இரண்டும் அவரிடம் இருக்கின்றன. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சென்னை

கண்ணு, உன் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். முதலில் ஒன்று. உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. மசாஜ் கற்றவள் நீ, மசாஜ் செய்கிறாய். வேறு எதையும் கேட்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. மேனேஜர், கூட வேலை செய்பவர் மட்டும் அதில் வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். வேலை செய்யும் இடத்துக்கு வந்துபோகிற வெளியாட்களிடமிருந்தும் உன்னைப் பாதுகாக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 19-வது பிரிவு சொல்கிறது. கஸ்டமர் அந்த வெளியாள்தான். நீ விரும்பினால் அந்த ஆள் மேல் போலீஸ் புகார் கொடுக்க உதவி செய்யவும் அவர் கடமைப்பட்டவர். "அட்ஜஸ்ட் பண்ணு" என்ற வார்த்தையை அவர் சொன்ன தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வை. வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அழிக்காதே.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்து பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலத் துறையைக் கேள். எழுதிக் கொடுக்க மூன்று மாதம் அவகாசம் உண்டு. காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டித் தருவார்கள்.

அட்வான்ஸ் பணம் கடன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டி ஒருவரைப் போக விடாமல் வேலை வாங்குவது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் வருகிற சமாசாரம். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டும் ஆன சட்டம் இல்லை அது. ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. அவர் நகல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆதார் அட்டைக்காகப் பயப்படாதே, இ-ஆதார் டவுன்லோடு செய்துகொள்ளலாம். மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்கவும் வழி இருக்கிறது. அந்த ரெண்டு காகிதத்துக்காக நீ அந்த அறைக்குள் இன்னொரு நாள் நிற்க வேண்டியதில்லை.

இன்றைக்கே 181-க்குக் கூப்பிடு. பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் பேசலாம். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசு. வேலை வேண்டுமென்றால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுது. நல்ல கை உள்ள பெண்களுக்கு வேலை கொடுக்கும் ஒழுங்கான இடங்கள் எனக்குத் தெரியும்.

சோதனைக்குப் போலீஸ் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? நாங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் என் ஊழியர்கள் பயந்தபடியே வேலை செய்கிறார்கள்.
– பெண் தொழில்முனைவோர், சேலம்

2017-ல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. என் ஸ்பாவுக்குள் எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவர்தான் பெண் காவலர். ரிசப்ஷனில் இருந்த சோபாவை விட்டுவிட்டு என்னிடம் வேலை செய்யும் பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொன்னார்கள். செல்போன்களைப் பிடுங்கி ஒரு டவலில் கொட்டினார்கள். ஒரு பெண்ணின் கையெல்லாம் எண்ணெய். "கழுவிட்டு வரேன் சார்" என்று கேட்டாள், விடவில்லை. எண்ணெய்க் கையோடு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டரை மணி நேரம் ரிஜிஸ்டரையும் உரிமத்தையும் புரட்டிவிட்டு, "கம்ப்ளைண்ட் வந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் வாசலில் யாரோ எடுத்த படம் மறுநாள் ஒரு பத்திரிகையில், முகம் தெரிகிற மாதிரி வந்தது. தலைப்பில் "அழகிகள்" என்று போட்டிருந்தார்கள். எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் தேனிக்காரி. திங்கட்கிழமை அவள் அண்ணன் வந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிக்கொண்டு போனான். அத்தனை சுத்தமான கை இன்னும் எனக்கு ஒருத்தி கிடைக்கவில்லை. பத்திரிகை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் கேட்டுக்கொள்கிறேன், அந்த "அழகிகள்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அவர்களுக்கும் ஊர் இருக்கிறது, அண்ணன் இருக்கிறான், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வீடு இருக்கிறது.

அன்று எனக்குத் தெரியாத சில விஷயங்களை இப்போது தெரிந்து வைத்திருக்கிறேன். வாரண்ட் இல்லாமல் சோதனை செய்ய விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் நிபந்தனைகளோடு. சோதனைக்கான காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் மரியாதைக்குரிய இரண்டு பேரையாவது சாட்சிக்கு அழைக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண். உடன் வருகிற காவலர்களில் குறைந்தது இரண்டு பேர் பெண்கள். அங்கிருந்து அழைத்துச் செல்லும் பெண்களிடம் விசாரிப்பது பெண் காவலர்தான். அப்படி ஒருவர் இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற நல அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணின் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம். சோதனையின்போது பெண்களின் அடையாளம் வெளியே தெரியாமல் ஊடகங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19-ல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவு பாலியல் தொழிலாளர்களைப் பற்றியது. அவர்களுக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், மசாஜ் செய்து பிழைக்கிற என் பிள்ளைகளின் முகத்தை ஏன் அச்சிட வேண்டும்?

போலீஸ் வந்தால் வழி மறிக்காதீர்கள், குரல் உயர்த்தாதீர்கள். வந்தவர்களின் பெயர், பதவி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைலை எடுத்து மேஜையில் வையுங்கள். "பிள்ளைகள் நாற்காலியில் உட்காரட்டும் சார்" என்று நீங்களே கேளுங்கள். பயப்படாமல் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். என் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். மிசோரமிலிருந்து வந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அவர்களுக்கு இதை ஆங்கிலத்தில் எழுதி லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டதே, ஆடிட்டர் ஏன் இன்னும் முகம் சுளிக்கிறார்?
– ஒரு வாசகி, ஈரோடு

2025 செப்டம்பர் 22 முதல் அழகு, உடல் நலச் சேவைகளுக்கு 5 சதவீதம்தான். 2,000 ரூபாய் மசாஜுக்கு 360 ரூபாய் வரி போட்ட இடத்தில் இப்போது 100 ரூபாய். கஸ்டமருக்கு நல்லது. ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வாடகை, ஏ.சி., பெட், எண்ணெய் என்று நீங்கள் கட்டும் வரியெல்லாம் உங்கள் செலவு.

இன்னொரு இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பில்டிங் ஓனர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யாதவராக இருந்து நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான 18 சதவீதத்தை நீங்கள்தான் நேரே கட்ட வேண்டும். வாடகை 60,000 என்றால் மாதம் 10,800, வருடத்துக்கு 1,29,600 ரூபாய். திரும்ப வராது. உங்கள் ஆடிட்டர் முகம் சுளிப்பது அதற்காகத்தான் இருக்கும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறிய இடம் என்றால் பதிவே தேவையில்லை. புதிதாக வாடகை பேசுகிறவர்கள் இந்தத் தொகையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

என் கடையை ஸ்பாவுக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள். பிரச்சினை வந்தால் எனக்கு என்ன ஆகும்?
– கட்டட உரிமையாளர், மதுரை

தெரிந்தே தவறான தொழிலுக்கு இடம் கொடுத்தால் உங்கள் மேலும் வழக்கு வரும், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. சோதனையில் அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதாக உங்கள் பகுதிச் செய்தித்தாளில் வந்துவிட்டாலே உங்களுக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் தொழிலைத் தெளிவாக எழுதுங்கள். உரிம நகல் வாங்குங்கள். மாதம் ஒரு தடவை பட்டப்பகலில் போய்ப் பாருங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு ஒழுங்கானவர்களுக்குக் கொடுங்கள். "ஸ்பாவா? இடம் இல்லை" என்று பத்து ஓனர்கள் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். பதினொன்றாவது ஆள் கொடுத்ததால்தான் 14 குடும்பங்கள் சாப்பிடுகின்றன.

எங்கள் மையத்தில் மூலிகை எண்ணெய் மசாஜ் செய்கிறோம். "பக்கவாதம், சர்க்கரை, உடல் பருமன், முடக்குவாதம் குணமாகும்" என்று போர்டு வைத்திருந்தோம். அதை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. பாரம்பரிய வைத்தியத்துக்குமா தடை?
– ஒரு வாசகர், தென்காசி

ஐயா, இன்றைக்கே கழற்றிவிடுங்கள். 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் நான்குமே அந்த அட்டவணையில் உண்டு. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. பாரம்பரியத்துக்கு இதில் தடை இல்லை. பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரை வைத்து, மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்து சிகிச்சை கொடுங்கள். அது வேறு கதவு. ஸ்பா கதவு வழியாக நோயாளியை உள்ளே கூப்பிடக் கூடாது.

நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெரியவர் கெண்டைக்கால் வலி என்று என்னிடம் வந்தார். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. என் தெரபிஸ்ட் கை வைக்க மறுத்து என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். காலின் ஆழத்தில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அழுத்தித் தேய்த்திருந்தால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். போர்டில் குணமாகும் என்று எழுதிவிட்டால், இப்படி வருகிறவரைத் திருப்பி அனுப்ப உங்கள் பெண்ணுக்கு எப்படி தைரியம் வரும்? ரத்த அழுத்தம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, இவற்றைக் கேட்டு எழுதி வாங்கும் ஒரு பக்கப் படிவத்தை நாளைக்கே அச்சடியுங்கள்.

எண்ணெயை நீங்களே காய்ச்சிப் பாட்டிலில் அடைத்து விற்பதாக இருந்தால் அதற்குத் தனி உற்பத்தி உரிமம் வேண்டும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பத்து மசாஜுக்கு 15,000 ரூபாய் கட்டிப் பேக்கேஜ் எடுத்தேன். மூன்று முடிந்ததும் கிளையை மூடிவிட்டார்கள். "நோ ரீஃபண்ட்" என்று பில்லில் அச்சடித்திருக்கிறது.
– ஒரு வாசகி, சென்னை

அச்சடித்துவிட்டால் ஆகிவிடாது அம்மா. கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணம் உங்கள் பணம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில், பேக்கேஜ் கார்டு, மூன்று வருகையின் தேதி, இவை போதும்.

டவலைப் பற்றி யாராவது சோதனைக்கு வருவார்களா? தினமும் எத்தனை மாற்றுவது? ட்ரையர் வாங்கலாமா?
– புதிதாகத் தொடங்கியவர், நாகர்கோவில்

சுகாதார ஆய்வாளர் வந்தால் முதலில் பார்ப்பதே டவல் அலமாரியைத்தான். ஒருவருக்கு ஒரு செட். பெட் விரிப்பு, உடல் துண்டு, முகத்துண்டு எல்லாம் புதிதாகத் துவைத்தது. உள்ளாடை டிஸ்போசபிள். அழுக்கு டவல் போடுவதும் சலவை செய்தது வைப்பதும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும்.

ட்ரையர் வாங்கலாம். ஆனால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2015-ல் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கப் போனபோது தீய்ந்த நல்லெண்ணெய் வாசம். அடுப்பு எதுவும் கிடையாது. தேடிப் பார்த்தால், ட்ரையரிலிருந்து சூட்டோடு எடுத்த டவல்களைப் பிளாஸ்டிக் கூடையில் அமுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். மேலே இருந்தவை வெள்ளையாக இருந்தன. கையை உள்ளே விட்டேன், சுட்டது. நடுவில் இருந்த டவல்கள் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தன. ஒன்றை உதறினேன், மடிப்பில் பொடிந்து விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தீ பிடித்திருக்கும். சாதாரணமாகத் துவைத்தால் எண்ணெய் முழுக்கப் போகாது. மிச்சமிருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடாகிக்கொண்டிருக்கும். குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. தேங்காயெண்ணெயைவிட நல்லெண்ணெயில் இது அதிகம்.

அதனால் வெந்நீரில், எண்ணெய் எடுக்கும் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசுங்கள். ட்ரையரின் கடைசிப் பத்து நிமிடம் குளிர்காற்றில் ஓடட்டும். எடுத்ததும் அடுக்காதீர்கள், கம்பியில் ஒவ்வொன்றாகப் போட்டு ஆறிய பிறகு மடியுங்கள். அழுக்கு டவலுக்குப் பிளாஸ்டிக் கூடை வேண்டாம். மூடியுள்ள இரும்பு ட்ரம் வாங்கி, படிக்கட்டுக்கும் மின்சாரப் போர்டுக்கும் தள்ளி வையுங்கள்.